மலை தெரியாத காலைகள்

எங்கள் சொந்தபந்தத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பந்தல்காரருக்கு அடுத்தபடி எனக்குத்தான் போன் வரும். "ஏனுங் தம்பி, முகூர்த்தத்தன்னைக்கு மழை வருமுங்களா?" நான் சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுப்பவன். வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் படங்களை வைத்துக்கொண்டு, காற்றில் எவ்வளவு புகையும் தூசும் கிடக்கிறது என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. மழைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போகப்போக எனக்கே அந்த மரியாதை பிடித்துப்போய்விட்டது. குத்துமதிப்பாக எதையாவது சொல்லுவேன். பலித்தால் பேர் எனக்கு, பலிக்காவிட்டால் பழி வானத்துக்கு.

அக்காவுக்கும் என்மேல் அதே நம்பிக்கைதான். ஆனால் அவள் கேட்டது மழையைப் பற்றி இல்லை.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். நாமகிரிப்பேட்டையில் சேகோ மில், அதாவது ஜவ்வரிசி ஆலை, வைத்திருப்பவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மில்லை ஒட்டியே வீடு. மரவள்ளிக் கிழங்கு அரைத்த மாவு, ஜவ்வரிசி வறுக்கும் அடுப்புப் புகை, வாசலில் எந்நேரமும் உறுமிக்கொண்டு நிற்கும் லாரி, எல்லாவற்றுக்கும் நடுவில்தான் அவள் குடித்தனம் நடத்தினாள். ஐம்பதை நெருங்கும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் படியேறினால் வாங்கியது, பிறகு சமதரையில் நடந்தாலே வாங்கியது. சேலத்து டாக்டர் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நுரையீரல் தேஞ்சிருக்கு. இனி இருக்கறதைக் காப்பாத்தறதுதான் வைத்தியம். முடிஞ்சா நல்ல காத்து இருக்கற எடமாப் பாத்து மாறிக்குங்க" என்றார்.

மாறுவது என்றால் எங்கே? மகளைக் கெங்கவல்லியில் கொடுத்திருந்தார்கள். தோட்டத்து வீடு, காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் சம்பந்தி வீட்டில் போய் மாதக்கணக்கில் உட்கார்ந்துகொள்வதா என்று அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. மிச்சம் இருந்தது கொண்டப்பநாயக்கன்பட்டி. ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்கும் அடிவாரம். அக்காவின் கணவர், அதாவது எங்கள் மாமா, தன் சிநேகிதர் ஒருவரின் வீடு அங்கே காலியாக இருப்பதாகச் சொன்னார். அடிவாரம் என்றாலே சேலத்துக்காரர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. ஏற்காட்டுக் குளிர்ச்சி அங்கே வரைக்கும் இறங்கி வரும் என்று எல்லாரும் நம்புவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது அக்கா என்னைக் கேட்டாள்.

"நீதான் மேல இருந்து பாக்கறயே, சாமி. இந்த ஊருக் காத்தையும் அந்த ஊருக் காத்தையும் பாத்து, எதுன்னு நீயே சொல்லிப்போடு. நீ சொல்ற எடத்துக்கு நான் போறன்."

மாமா சிரித்தார். "மாப்ள சர்ட்டிபிகேட் குடுத்தாத்தான் உங்கக்கா மூச்சே உடுவாளாட்ட இருக்குது."

"ஒரு வாரம் குடுங்க்கா" என்றேன் நான். பெருமையில் உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன் என்பதை இப்போது மறைத்துப் பயனில்லை.

என் வேலையை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பூமத்திய ரேகைக்கு மேலே, நம் பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒரு படம் அனுப்பும். அதில் நம் ஊர்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக விழும். காற்று சுத்தமாக இருந்தால் தரை தெளிவாகத் தெரியும், அழுக்காக இருந்தால் மங்கும். எவ்வளவு மங்குகிறது என்பதிலிருந்து எவ்வளவு அழுக்கு என்று கணக்கிடலாம். இதில் ஒரே தொல்லை, மேகம். மேகம் வந்துவிட்டால் தரையே தெரியாது. ஆகவே கணிப்பொறி முதல் வேலையாக மேகக் கட்டங்களைக் கண்டுபிடித்துத் தூக்கி எறிந்துவிடும். அந்த இடங்கள் படத்தில் வெற்றாக நிற்கும்.

வெற்றுக் கட்டம் எனக்கு ஆகவே ஆகாது. இஸ்திரி போட்ட சட்டையில் பொத்தான் இல்லாத மாதிரி உறுத்தும். அதனால் மேகம் இல்லாத பக்கத்து நாட்களின் சராசரியை எடுத்து அந்த ஓட்டைகளை அடைத்துவிடுவேன். இது திருட்டுத்தனம் இல்லை. எங்கள் துறையில் பலரும் செய்வதுதான். கட்டுரையின் அடியில் ஒரு வரி எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஒரு கருத்தரங்கில் என் வரைபடத்தைப் பார்த்த பெரியவர் ஒருவர், "படம் ரொம்பத் துப்புரவா இருக்குதே" என்று முதுகில் தட்டிக் கொடுத்திருந்தார். அந்தத் தட்டு முதுகிலேயே இருந்தது.

அக்காவுக்காக மூன்று குளிர்காலங்களின் படங்களை எடுத்துப் போட்டேன். நாமகிரிப்பேட்டை, அழுக்கைக் காட்டும் மஞ்சளும் ஆரஞ்சுமாக வந்தது. கொண்டப்பநாயக்கன்பட்டி பச்சையாக வந்தது. அழகான பச்சை. மார்கழியிலும் தையிலும் அந்த அடிவாரக் கட்டங்களில் பாதிக்குமேல் வெற்றாக இருந்ததையும், அந்தப் பச்சையில் பெரும்பகுதி நானே பூசியது என்பதையும் நான் கவனிக்காமல் இல்லை. மலையோரம், பனிக்காலம், மேகம் தங்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் வீட்டிலிருந்து கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். ஒரு காலை போய் நின்று பார்த்திருக்கலாம். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு டவுன் பஸ் ஏற மனம் வரவில்லை.

"கண்ணை மூடிக்கிட்டுப் போங்க்கா" என்றேன். "காலைல வெள்ளென மாடிக்குப் போயி ஒக்காந்து, மூச்சை நல்லா இழுத்து இழுத்து உடுங்க. அதுவே பாதி மருந்து."

அந்த விடிகாலை யோசனைக்கு என்னிடம் படம்கூடக் கிடையாது. சூரியன் நன்றாக ஏறிய பிறகுதான் தூசைக் கணக்கிட முடியும். எல்லாரும் சொல்கிற ஒன்றை, விஞ்ஞானி வாயால் சொல்லி முத்திரை குத்தினேன், அவ்வளவுதான்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் குடிபோனார்கள். மாமா தினமும் காலையில் மில்லுக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். கார்த்திகை முடிய அக்கா உற்சாகமாக இருந்தாள். என் பச்சை வரைபடத்தைக் கைப்பேசியில் அனுப்பச் சொல்லி வாங்கி, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பி வைத்தாள். "எந்தம்பி போட்ட படம்" என்று கீழே ஒரு வரி. இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு அடிவாரத்தில் இடம் கிடைக்குமா என்று என்னிடமே விசாரித்தார்கள்.

மார்கழி பிறந்ததும் போனில் அவள் குரல் மாறியது. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. "சாப்ட்டயா" என்று கேட்டுவிட்டு நிறுத்துவாள். மறுமுனையில் காற்று உள்ளே போக முடியாமல் விசில் அடிப்பது எனக்குக் கேட்கும். பிறகு "சாமி" என்பாள். எனக்குள் ஏதோ நெருடியது. ஆனால் நெருடியதை எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "பனிக்காலமுங்க்கா, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்றேன். அவளும் "ஆமா, பனி இங்க பயங்கரமா எறங்குது. எதிர்த்த ஊடே தெரியறதில்ல" என்றாள். நான் அந்த வாக்கியத்தைக் கேட்டேன். கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

பட்டிப் பொங்கல் முடிந்த அந்த வாரம், அக்காவைப் பார்க்கப் போனேன். எழுதிக்கொண்டிருந்த கட்டுரை ஒன்று பாக்கி இருந்ததால் மடிக்கணினியும் பையில் இருந்தது. கொண்டப்பநாயக்கன்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை எட்டரை. வெயில் முகத்தில் அடித்தது, நிழல் தரையில் விழுந்தது. ஆனால் மலையைக் காணோம். அண்ணாந்து பார்க்க வேண்டிய அவ்வளவு பெரிய மலை, இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்றுமில்லாமல் இருந்தது. தொண்டையில் ஈரத் துணி எரிந்த வாசனை ஒட்டியது. இதுவா பனி என்று தோன்றியது. அக்கா வீட்டுக்கு வேகமாக நடந்தேன்.

அக்கா கூடத்து நாற்காலியில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். மாமா காபி போட உள்ளே போனார். அந்த வீட்டில் அவர் அடுப்படிக்குப் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சுவரில் தமிழ் மாதக் காலண்டர் ஒன்று தொங்கியது. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பேனாவால் ஓர் எழுத்து எழுதியிருந்தது. "வெ", "வெ", "வெ" என்று வரிசையாக.

"இதென்னங்க மாமா?" என்றேன்.

"அதுங்களா, பழக்கதோசம்" என்றார் மாமா, காபியை நீட்டியபடி. சேகோ மில்காரர்களுக்கு வானம்தான் முதலாளி. ஈர ஜவ்வரிசியைக் களத்தில் கொட்டிக் காயப்போட வேண்டும். வெயில் நாளா, மேகம் மூடிய மப்பு நாளா என்று விடிந்ததும் பார்த்து, களத்தில் பரப்பலாமா வேண்டாமா என்று ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். வெயிலுக்கு "வெ", மப்புக்கு "ம". முப்பது வருஷமாக எழுதிய கை, வீடு மாறியும் நிற்கவில்லை. இங்கே இருந்தபடி வானத்தைப் பார்த்து எழுதிவிட்டு, அங்கே போன் போட்டு ஒப்பிட்டுக்கொள்வாராம்.

நான் மார்கழித் தாளைப் புரட்டினேன். தை வரைக்கும் வந்தேன். ஒரே ஒரு "ம" கூட இல்லை.

"மேகமே இல்லீங்களா மாமா, இத்தனை நாளும்?"

"எங்கீங்க மாப்ள மேகம்? சுத்தமான வெயிலு. மலைதான் ஒம்பது, பத்து மணி வரைக்கும் தெரியாது. அதுக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லீங்க."

பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து உணவு மேசைமேல் வைத்தேன். அவசரத்தில் கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். ஓட்டைகளை அடைப்பதற்கு முந்திய படங்களைத் திறந்தேன். காலண்டரைக் கழற்றி மாமாவின் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

"போகிக்கு முந்தின நாள்?"

"வெயிலு."

திரையில் அடிவாரக் கட்டம் வெற்றாக இருந்தது. மேகம் என்று தூக்கி எறிந்திருந்தது கணிப்பொறி.

"போகியன்னைக்கு?"

"வெயிலு."

வெற்று.

"பொங்கல்?"

"வெயிலு. ஏனுங் மாப்ள, ஏன் மொகம் இப்படி வேர்க்குது?"

வெற்று. பட்டிப் பொங்கல் வெற்று. அதற்கு முந்திய வாரம் முழுக்க வெற்று. மாமா ஒவ்வொன்றுக்கும் "வெயிலு, வெயிலு" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவர் விடவில்லை, மாதம் முழுவதையும் படித்து முடித்தார்.

பிறகு நான் பல வருஷமாகச் செய்யாமல் இருந்த ஒன்றைச் செய்தேன். கணக்கு எதுவும் போடாமல், வந்தது வந்தபடி படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுக் கண்ணால் பார்த்தேன். மேகம் என்றால் அரை மணிக்கு அரை மணி நகரும், உருவம் மாறும். இது நகரவில்லை. சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல் பக்கம் வரை சமவெளி முழுக்கச் சாம்பலாகப் பரவி, வடக்கே மலை வந்ததும் வரப்பில் முட்டிய தண்ணீர் மாதிரி தேங்கி நின்றது. எங்கே முட்டியதோ அங்கேதான் மிகவும் கனமாக இருந்தது. அவ்வளவு கனமாக இருந்ததால்தான் கணிப்பொறி அதை மேகம் என்று நினைத்திருக்கிறது. லேசான அழுக்கு உள்ள நாட்களை மட்டும் வைத்துக்கொண்டு, மோசமான நாட்களை எல்லாம் எறிந்துவிட்டு, எறிந்த இடத்தில் நான் பச்சை பூசியிருக்கிறேன். யார் மூட்டிய தீ, எந்தச் சூளை, எந்தக் குப்பை மேடு, எத்தனை லாரி என்று படம் சொல்லாது. யார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது என்பதை மட்டும் சொல்லும். இதுவும் ஒரு குளிர்காலத்து விஷயம் இல்லை. முந்திய வருஷத்துப் படத்தைத் திறந்தேன். இருந்தது. அதற்கு முந்திய வருஷத்திலும் அதே இடத்தில், அதே மாதத்தில் அசையாமல் இருந்தது.

"என்ன சாமி?" என்றாள் அக்கா நாற்காலியிலிருந்து.

அவள் காலடியில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். "நாஞ் சொன்னது தப்புங்க்கா. இங்க காத்து மோசம். நாமகிரிப்பேட்டையவிட மோசம். நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்."

அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னாப்புல... தெனமும் ஆறரைக்கு மாடிக்குப் போயிருவன்" என்றாள். "ஒரு நாளுங்கூட உடல. எட்டு மணி வரைக்கும் இழுத்து இழுத்து உடுவன். கண்ணு எரியும். நெஞ்சு அடைக்கும். நல்ல காத்து பழக நாளாகும்னு நெனச்சன்." மறுபடியும் நிறுத்தினாள். "அப்பறமும் சேராதபோது, என்ர ஒடம்புலதான் கோளாறுன்னு இருந்துட்டன். நீ பாத்துச் சொன்ன காத்து எப்படித் தப்பாப் போகும்?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "நாங்கூட ரெண்டு நாளு சொன்னனுங்க மாப்ள, கீழ வந்துருன்னு. தம்பி சொல்லியிருக்குதுன்னு கேக்கவே இல்ல."

நான் அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன். அக்கா என் தலையில் கையை வைத்தாள். அந்தக் கையும் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோரு நாள் இருந்தாள். மறுபடி குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்த டாக்டர், இந்த இரண்டு மாதத்தில் போனது திரும்பி வராது என்றார். என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. இடம் மாறியதாக நாங்களும் சொல்லவில்லை. நாமகிரிப்பேட்டைக்கே திரும்பிப் போனார்கள். மில்லிலிருந்து தள்ளி, பின்கட்டில் ஓர் அறை ஒதுக்கினார்கள். ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று வந்து அந்த அறையில் குடியேறியது. பகலெல்லாம் அது முனகிக்கொண்டே இருக்கும்.

என் வரைபடத்தைத் திருத்தி, ஓட்டைகளை ஓட்டையாகவே விட்டு, முன்னே எழுதியது பிழை என்று ஆய்விதழுக்கு எழுதி அனுப்பினேன். ஒரு மரியாதையான பதில் வந்தது. அடிவாரத்தில் இடம் கேட்ட சொந்தக்காரர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவர் கேட்டுக்கொண்டார். இன்னொருவர் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. "பனியத்தானுங்களே தம்பி பெருசா சொல்றீங்க" என்று சிரித்தார். அவர் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது.

இந்த வருஷமும் மார்கழி பிறந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு அக்காவிடமிருந்து போன் வரும். வேறு பேச்சு இருக்காது, பேசவும் முடியாது. "சன்னலத் தொறக்கட்டுமா, சாமி?" என்று கேட்பாள். நான் அப்போதுதான் வந்த படத்தைக் கண்ணால் பார்த்து, திறங்க என்றோ வேண்டாம் என்றோ சொல்லுவேன். இத்தனைக்குப் பிறகும் அவள் என்னைத்தான் கேட்கிறாள். கேட்காமல் இருந்தால், திட்டியிருந்தால், எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

நேற்றுக் காலைப் படத்தில் நாமகிரிப்பேட்டைக்கு மேலே மேகம் இருந்தது. நிஜமான மேகம், கிழக்கிலிருந்து நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே காற்று எப்படி இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. போன் அடித்தது.

"சன்னலத் தொறக்கட்டுமா, சாமி?"

திறங்க என்று நாக்கு நுனிவரை வந்தது. மேகம் வந்தால் காற்றும் கொஞ்சம் அசைந்திருக்கும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்று மனது கணக்குப் போட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

"தெரியலைங்க்கா" என்றேன்.

மறுமுனையில் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது.

"இதை அன்னைக்கே... சொல்லியிருக்கலாமே, சாமி" என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம் இல்லை.